வெளி வன்தட்டிலிருந்து கணினியைத் தொடக்க முடியுமா? ஆலயக் கணக்கை மீட்க உதவி தேவை

கேள்வி: ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் ஆலயத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். ஆலயத்தின் வரவுசெலவுக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், திருவிழா உபயக்காரர்களின் விவரங்கள் எல்லாமே 2016-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. அதில் இயங்குவது விண்டோஸ் 10. அண்மைக் காலமாகக் கணினியைத் திறந்தால் நிறுவனச் சின்னம் மட்டும் தோன்றுகிறது; அதன் பிறகு, தொடங்குவதற்கான வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. அணைத்து அணைத்துத் திறந்தால் எப்போதாவது விண்டோஸ் வரை போகிறது. ஆனால் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் உறைந்துவிடுகிறது. பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டியபோது, உள்ளே இருக்கும் வன்தட்டு பழுதாகிவிட்டது, புதியது மாற்றித் தருகிறோம், பழைய கோப்புகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது. அது முடிந்ததும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் 1 டிபி அளவுள்ள வெளி வன்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் பாதி இடத்தைப் பழைய திருவிழாப் படங்கள் பிடித்திருக்கின்றன, அவற்றுக்கு வேறு படி கிடையாது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் உண்டு. அந்த வெளி வன்தட்டில் விண்டோஸைப் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடக்க இயலுமா? மருமகனின் கணினியில் உள்ள விண்டோஸ் கோப்புறையை அப்படியே படியெடுத்து வைத்தால் போதுமா? அவ்வாறு தொடங்கினால் உள்வட்டில் கிடக்கும் கணக்குக் கோப்புகளை வெளியே எடுக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கணினி பழுதுபார்ப்பவர், தைப்பிங்

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கணினியை இனி அணைத்து அணைத்துத் திறக்காதீர்கள். பழுதான வட்டிலிருந்து விண்டோஸ் தொடங்க முயலும் ஒவ்வொரு முறையும் அது அந்த வட்டில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது, சிலவற்றை எழுதவும் செய்கிறது. வட்டுக்கு மிச்சமிருக்கும் ஆயுளை விண்டோஸுக்குச் செலவழிக்காமல் உங்கள் கணக்குக் கோப்புகளுக்காகச் சேமித்து வையுங்கள்.

படியெடுத்த விண்டோஸ் கோப்புறையிலிருந்து கணினி தொடங்காது. கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல, தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு மென்பொருள். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ்; அது வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கே தொடக்க நிரல் இருக்கிறதா என்று பார்க்கும். 2016-இல் வந்த உங்கள் கணினியில் பெரும்பாலும் அதன் வாரிசான யூ.இ.எஃப்.ஐ. இருக்கும், அது வட்டில் தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதிக்குள், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பெயரில் உள்ள தொடக்கக் கோப்பைத் தேடும். கோப்புறையை மட்டும் படியெடுத்தால் இந்தப் பகுதி உருவாவதில்லை. வட்டில் விண்டோஸின் எல்லாக் கோப்புகளும் இருந்தாலும், கணினியைப் பொறுத்தவரை அது தொடங்கக்கூடிய வட்டே இல்லை.

அடுத்து, படங்கள் இருக்கும் அந்த 1 டிபி வட்டில் எந்த இயங்குதளத்தையும் நிறுவ வேண்டாம். நிறுவும்போது வட்டை முழுவதும் அழித்துப் பிரிப்பதுதான் வழக்கம். கோப்புகளை மீட்பதற்கு அந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டிய தேவையே இல்லை. பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, அந்த வட்டில் காலியாக இருக்கும் பாதியில் கோப்புகளை இறக்கி வைத்தால் போதும்.

மருமகனின் கணினியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் ஐ.எஸ்.ஓ. கோப்பை (இயங்குதளம் முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பு) பதிவிறக்குங்கள். அது ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். அதை ரூஃபஸ் அல்லது எட்ச்சர் போன்ற ஒரு கருவியைக் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். சாதாரணக் கோப்பைப் போலப் படியெடுத்து ஒட்டினால் அது தொடங்காது. எழுதும்போது பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிறகு பென்டிரைவை உங்கள் மடிக்கணினியில் செருகி, திறந்த கணமே தொடக்கப் பட்டியலுக்கான விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பி கணினிகளில் எஸ்கேப், அடுத்து எஃப்9. ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாதிரிகளில் முதலில் எஃப்2 அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குள் சென்று அந்த வசதியை இயக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென்டிரைவ் தென்படாவிட்டால் அதே அமைப்புப் பக்கத்தில் விரைவுத் தொடக்கம் (ஃபாஸ்ட் பூட்) என்ற வசதியை நிறுத்திப் பாருங்கள். அது இயங்கும்போது சில கணினிகள் யூ.எஸ்.பி. துளைகளைச் சோதிக்காமலே கடந்துவிடுகின்றன.

மின்ட் திரைக்கு வந்ததும், நிறுவு என்ற சின்னத்தைத் தொட வேண்டாம். பென்டிரைவிலிருந்து நினைவகத்துக்கு வந்து அது இயங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களாகத் திறக்கும் வரை உள்வட்டைத் தொடாது. கோப்பு உலாவியில் உள்வட்டைத் திறந்தால், எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்ற அறிவிப்பு வரலாம். விண்டோஸ் முழுமையாக அணையாமல் உறக்க நிலையில் நின்றுவிட்டதே அதற்குக் காரணம். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்; நமக்கு வேண்டியது படிப்பது மட்டும்தானே. முதலில் கணக்கு, உறுப்பினர் பட்டியல், பிறகு கடிதங்கள், கடைசியாகப் பெரிய கோப்புகள் என்ற வரிசையில் எடுங்கள். வட்டு எந்த நேரத்திலும் முற்றாக நின்றுவிடலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இரண்டு சூழ்நிலைகளில் மட்டும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டிலிருந்து டக் டக் என்று ஒரே சீரான ஒலி வந்தால் உள்ளே படிக்கும் தலை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது குறியீடு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம்.

மறுமொழி: கணினிப் பயிற்றுநர், ஈப்போ

மேலே அண்ணன் சொன்ன மீட்பு முறையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஐயாவின் முதல் கேள்வி, வெளிவட்டிலிருந்தே தொடர்ந்து கணினியை இயக்கலாமா என்பது, இன்னும் விடை பெறாமல் நிற்கிறது.

விண்டோஸை வெளிவட்டில் வைத்து இயக்குவதற்கென்று மைக்ரோசாப்ட் ஒரு காலத்தில் விண்டோஸ் டு கோ என்ற வசதியைத் தந்தது. அது விண்டோஸ் 8-உடன் வந்தது, நிறுவனங்களுக்கான பதிப்பில் கிடைத்தது, 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 என்று எண்ணிடப்பட்ட பதிப்போடு நீக்கப்பட்டது. இப்போது விண்டோஸின் வழக்கமான நிறுவி, யூ.எஸ்.பி. வட்டைத் தேர்ந்தெடுத்தால் அதில் நிறுவ மறுத்துவிடும். ரூஃபஸ் போன்ற கருவிகள் வழியாகச் செய்யலாம்தான். ஆனால் அதற்கு மைக்ரோசாப்டின் ஆதரவு இல்லை. ஓர் ஆலயத்தின் கணக்கை அப்படிப்பட்ட ஏற்பாட்டின்மேல் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலிகளில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. 2016-ஆம் ஆண்டுக் கணினி அந்த வரம்புக்குள் வராது.

லினக்ஸுக்கு இந்தத் தடை இல்லை. அதை வெளிவட்டில் முழுமையாக நிறுவி நாள்தோறும் பயன்படுத்தலாம். ஆனால் எதில் நிறுவுகிறோம், எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்தே அது பயன்படுமா பயன்படாதா என்பது அமையும். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30, 40 மெகாபைட் கிடைத்தாலே அதிகம். யூ.எஸ்.பி. 3.0-இன் உச்சம் 5 கிகாபிட். துளையின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்து அதை அடையாளம் காணலாம். சுழலும் வன்தட்டை நீலத் துளையில் செருகினாலும் வேகம் ஓரளவுதான் கூடும்; ஏனெனில் இயங்குதளம் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறது, சுழலும் தட்டு அதற்குத் தோதானதல்ல. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டாக இருந்தால் உள்வட்டுக்கும் வெளிவட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான வேலைகளில் தெரியாது. பென்டிரைவில் நிரந்தரமாக நிறுவுவதை நான் விரும்புவதில்லை. இடைவிடாமல் எழுதும் வேலைக்கு அது நீடித்து உழைக்காது.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரையிலும், 3.0 துளை 900 வரையிலும் தரும்படி வகுக்கப்பட்டுள்ளன. சுழலும் வட்டு ஓடத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். அதனால்தான் சில கணினிகளில் வெளிவட்டு ஒருமுறை தெரிகிறது, மறுமுறை தெரிவதில்லை. மெல்லிய நீண்ட கம்பி இந்தக் குறையை மோசமாக்கும். வட்டோடு வந்த குட்டைக் கம்பியையே பயன்படுத்துங்கள்.

நிறுவும்போது பலரும் அறியாத ஒரு சிக்கலும் உண்டு. உள்வட்டு கணினியிலேயே இருக்கும்போது வெளிவட்டில் லினக்ஸை நிறுவினால், சில நிறுவிகள் இயங்குதளத்தை வெளியே எழுதிவிட்டுத் தொடக்க நிரலை மட்டும் உள்வட்டின் தொடக்கப் பகுதியில் எழுதிவிடும். அதற்குப் பிறகு அந்த வெளிவட்டு வேறு எந்தக் கணினியிலும் தொடங்காது. உள்வட்டு செத்தால் இதுவும் கூடவே முடங்கும். ஆகவே கோப்புகளை மீட்டு முடித்த பின், உள்வட்டைக் கழற்றி எடுத்துவிட்டு நிறுவுவதே பாதுகாப்பானது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான ஆலோசனை வேறு. எப்படியும் உள்வட்டைக் கழற்றப் போகிறீர்கள். அந்த ஆண்டு மடிக்கணினிகள் பலவற்றில் சாட்டா என்ற இணைப்பில் மாட்டும் இரண்டரை அங்குல வட்டுதான் இருக்கும். அந்த இடத்திலேயே 240 ஜிபி அளவுள்ள ஓர் எஸ்.எஸ்.டி.யை மாட்டிவிடுங்கள். வெளிவட்டில் இயங்கும் கணினியில், யாராவது கம்பியைத் தட்டிவிட்டால் வேலை நடுவிலேயே நின்றுபோகும். திருவிழாக் காலத்தில் பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும் ஆலய அலுவலகத்தில் இது நடக்கவே செய்யும். ஒரே இயங்குதளத்தை வீட்டுக்கும் ஆலயத்துக்கும் தூக்கிச் செல்ல வேண்டிய தேவை இருப்பவர்களுக்கே வெளிவட்டு முறை பொருந்தும்.

மறுமொழி: ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோலகங்சார்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். கோப்புகளை மீட்கும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துரு கோப்புறையையும் மறவாமல் படியெடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆலயங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பழைய கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். கோப்பு மட்டும் வந்து எழுத்துரு வராமல் போனால், திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடுவோர் உண்டு. எழுத்துருவை நிறுவியவுடன் அதே கோப்பு தமிழில் தெரியும்.

லினக்ஸுக்கு மாறினால் தட்டச்சைப் பற்றிய கவலையும் வேண்டாம். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய நம்மவர்கள் பலர் தமிழ்99 விசைமுறையைப் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு பல மொழி விசைமுறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் அதே தமிழ்99 கிடைக்கும். எக்செல் கணக்குகளை லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருள் திறக்கும். கூட்டல், கழித்தல் சூத்திரங்கள் அப்படியே வேலை செய்யும். தானியங்கி நிரல்கள் (மேக்ரோ) எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கியது. கணக்கும் உறுப்பினர் பட்டியலும் எழுத்துருக்களும் வெளி வன்தட்டுக்கு வந்துவிட்டன. பழைய ஒளிப்பதிவுகள் சிலவற்றை மட்டும் படிக்க இயலவில்லை. ஈப்போ சகோதரி சொன்னபடி எஸ்.எஸ்.டி. ஒன்றை உள்ளே மாட்டவே முடிவு செய்திருக்கிறோம். அது வரும் வரை, ஆலயப் பொருளாளரின் புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் இதே பென்டிரைவைச் செருகிக் கணக்கு வேலையைத் தொடரலாமா?

மறுமொழி: கணினி பழுதுபார்ப்பவர், தைப்பிங்

தொடரலாம் ஐயா, ஆனால் அவருடைய கணினியின் அமைப்புப் பக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பாதுகாப்பான தொடக்கம் (செக்யூர் பூட்) என்ற அமைப்பை நிறுத்தினால், அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்கக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அவரிடம் அது இல்லையென்றால் அவருடைய கோப்புகளும் பூட்டிக்கொள்ளும். மின்ட் அந்தப் பாதுகாப்பை ஏற்கும் கையொப்பத்தோடு வருவதால் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டிய தேவை இருக்காது. பென்டிரைவில் இன்னும் எதையும் நிறுவவில்லை என்பதால் அணைத்தவுடன் அதில் செய்த மாற்றங்கள் மறைந்துவிடும். கணக்கை ஒவ்வொரு முறையும் வெளி வன்தட்டிலேயே சேமியுங்கள், கழற்றும் முன் பாதுகாப்பாக வெளியேற்று என்பதைச் சொடுக்குங்கள்.

பொருளாளரின் கணினி மீண்டும் விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கலாம். லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னே இருப்பதால் மாலை நான்கு மணி காலை எட்டாகக் காட்டும். இணையத்தில் இணைத்து, நேர அமைப்பில் இப்போதே ஒத்திசை என்பதைச் சொடுக்கினால் சரியாகிவிடும். ரசீதுகளில் நேரம் தானாகப் பதிவாகிறது என்றால் அதைச் செய்த பிறகே அச்சிடச் சொல்லுங்கள்.