சூலே, சௌத்தான், துவாந்தே, ஷ்வேடகோன்: ஒரே நாளில் முடியுமா?

தாமுவே தம்பி:
சென்னையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் அடுத்த மாதம் ரங்கூன் வருகிறார்கள். ஒரு டூர் கம்பெனியில் கேட்டேன். காலையில் கிளம்பி சூலே, பொட்டட்டாங் பகோடாக்கள், சௌத்தான் ஆற்று நடுக் கோயில், துவாந்தே கால்வாயில் படகு, சாயங்காலம் ஷ்வேடகோன் பகோடா, எல்லாவற்றையும் கைடு வைத்து ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்கிறார்கள். சித்திக்கு முட்டி வலி. சித்தப்பாவின் தாத்தா ஐராவதி டெல்டாவில் செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவராம், அவர் போன தண்ணீர் வழியைப் பார்த்தே ஆகணும் என்று பிடிவாதம். இது நடக்கிற காரியமா?

பசுந்தாங்வாசி:
நடக்காது தம்பி. சௌத்தான் பகோ ஆற்றைத் தாண்டித் தென்கிழக்கே, துவாந்தே ரங்கூன் ஆற்றைத் தாண்டி மேற்கே. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும்.

சித்தப்பா கேட்பது துவாந்தேதான். வெள்ளைக்காரன் 1880-களில் வெட்டிய கால்வாய், சுமார் 35 கிலோமீட்டர், ரங்கூனிலிருந்து ஐராவதிக்குக் குறுக்கு வழி. டெல்டா நெல்லும் ஆளும் இதில்தான் வந்து போனது. பழைய ஸ்டீமர் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், 1942-ல் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாதென்று ஐராவதி புளோட்டில்லா கம்பெனியே தன் கப்பல்களில் பெரும்பாலானதை மூழ்கடித்துவிட்டது. ஊரில் ஷ்வேசண்டோ பகோடாவும் குயவர் சூளைகளும் இருக்கின்றன, பானை வனைவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

கைடிடம் முதலில் கேட்க வேண்டியது ஏற்றவற்றம். தண்ணீர் வற்றியிருக்கும்போது ஜெட்டிப் பாலம் செங்குத்தாகச் சரிந்து நிற்கும், முட்டி வலிக்காரர் இறங்க முடியாது.

மோல்மேன் அக்கா:
தம்பி, ஷ்வேடகோனைச் சாயங்காலம் வைத்தது மட்டும் சரி. மத்தியானம் வெறுங்காலோடு அந்தச் சலவைக்கல்லில் நின்றால் பாதம் பொரிந்துவிடும். படி ஏற வேண்டாம், தெற்கு வாசலில் லிஃப்ட் இருக்கிறது, மேற்கு வாசலில் எஸ்கலேட்டர். பிறந்த கிழமை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு சன்னிதி, அங்கே புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் பிறந்தவர்களுக்கு ராகு, தனி இடம். நம் நவக்கிரகத்தில் கேது மட்டும் அந்த வரிசையில் இல்லை, நம் ஊர்க்காரர்கள் உடனே தேடுவார்கள்!

பொட்டட்டாங்கை விடாதீர்கள். 1943-ல் குண்டு விழுந்து தரைமட்டமான பகோடா. திரும்பக் கட்டும்போது உள்ளே கூடாக விட்டதால் நுழைந்து நடக்கலாம். சூலேயை வண்டியிலிருந்தே பார்த்தால் போதும்.

சிரியம் பக்கத்து ஆள்:
எல்லாரும் துவாந்தே என்கிறீர்கள், சித்தியை யார் கேட்டது? சௌத்தானில் படகுப் பயணம் கொஞ்ச தூரம்தான், கோயிலைச் சுற்றிக் கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மொய்க்கும், பொரி போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அங்கே தனிப் படகு, தனிக் காசு, அதனால் உங்கள் உள்ளூர் அடையாள அட்டையைக் காட்டி அவர்களையும் ஏற்றிவிடலாம் என்று போகாதீர்கள். திரும்பும்போது பீலிக்கான் முனீஸ்வரரையும் கும்பிட்டு வரலாம். டூர்க்காரர்கள் பட்டியலில் அது ஏன்தான் வருவதில்லையோ.

தாமுவே தம்பி:
அப்போ இரண்டு நாளாகப் பிரித்துக் கேட்கிறேன். அண்ணா, துவாந்தே போக ஆற்றுக்கு அக்கரையில் டல்லா பக்கம் இறங்க எந்த நேரம் தோது, காலையா?

பசுந்தாங்வாசி:
அது திதியைப் பொறுத்தது, ஏற்றவற்றம் அதோடுதான் மாறும். தேதியைச் சொல்லுங்கள், ஜெட்டியில் கேட்டுச் சொல்கிறேன்.