சட்டமுன்வடிவு பிடிஎஃப்: நகலெடுத்தால் குப்பையாக வருகிறது, அவசரம்!!

அரைத்தூக்கம்: மசோதா பிடிஎஃப் ஒன்றை இறக்கினேன். திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது. வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக (;) விழுகிறது. மசோதா என்று தேடினாலும் ஒன்றும் சிக்கவில்லை. நாளை கட்டுரை கொடுக்கணும்.

கறுப்பங்கி: எந்த மாநிலம்? எந்த ஆண்டு? அறிமுகமானதா, நிறைவேறியதா?

பழைய பென்டியம்: பிடிஎஃப் திறக்கும் ரீடரைப் புதுப்பியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான்.

மூத்தகுடி: இதெல்லாம் எத்தனை முறை பேசியாச்சு. தமிழ்நாட்டுப் பேரவை ஆவணத்தில் மசோதா என்ற சொல் பொதுவாக வராது, சட்டமுன்வடிவுதான். இதுகூடத் தெரியாமல் கட்டுரையா?

அரைத்தூக்கம்: தமிழ்நாடுதான், சொல்ல மறந்துட்டேன். சட்டமுன்வடிவு என்று போட்டாலும் பூஜ்யம்தான் ஐயா.

எழுத்தெலி: அப்போ பழைய எழுத்துரு. 'தமிழ்நாடு' என்ற சொல்லை மட்டும் ஒட்டிப் பாருங்கள். நடுவில் அரைப்புள்ளி விழுந்தால் பாமினி முறை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. ழ் மேலே இருக்கும் புள்ளியைத்தான் அது அரைப்புள்ளியாக வைத்திருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போடுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை முதலில் எடுத்துவிடுங்கள், அதையும் தமிழ் எழுத்தாக்கித் தொலைக்கும்.

பழைய பென்டியம்: ரீடர் பதிப்பு என்ன?

மூத்தகுடி: 2021 ஆகஸ்ட் 13-இல் காகிதமில்லா பட்ஜெட் போட்டோம். இன்னும் எழுத்துருச் சண்டை. நாகாலாந்து 2022-லேயே முதல் காகிதமில்லாச் சட்டமன்றம் ஆகிவிட்டது.

மலையோரம்: முதல் என்றால் இமாச்சல், 2014. நாகாலாந்து முதலில் வந்தது நேவா செயலியில், அதாவது எல்லாச் சட்டமன்றங்களுக்குமான தேசியச் செயலியில். இரண்டையும் குழப்பாதீர்கள்.

மூத்தகுடி: நானும் அதைத்தான் சொன்னேன்.

மலையோரம்: இல்லையே, மேலே அப்படியே இருக்கிறது.

கறுப்பங்கி: அதை விடுங்கள். தம்பி, நீங்கள் இறக்கியது அரசிதழின் நான்காம் பகுதியில் 1-ஆம் பிரிவா, 2-ஆம் பிரிவா? முன்னது முன்வடிவு, பின்னது ஆளுநர் ஒப்புதலுக்குப் பிறகு வரும் சட்டம். எதற்காக இந்தச் சட்டம் என்பது கட்டுரைக்கு வேண்டுமென்றால் நோக்கக் காரண விளக்கவுரையைப் பார்க்கணும். அது முன்வடிவின் கடைசியில்தான் இருக்கும், சட்டத்தில் இருக்காது. முன்வடிவு எண்ணும் சட்ட எண்ணும் தனித்தனி, சட்ட எண்ணை வைத்து முன்வடிவைத் தேடி ஏமாறாதீர்கள்.

அரைத்தூக்கம்: அரைப்புள்ளி வந்தது! மாற்றியில் போட்டதும் சரியாச்சு. ஆனால் கையில் இருப்பது 2-ஆம் பிரிவு. இப்போ முன்வடிவைத் தேடுறேன். எல்லாருக்கும் நன்றி.

பழைய பென்டியம்: ரீடர் பதிப்பைக் கடைசிவரை சொல்லவே இல்லையே.