அரசுத் திட்டம் பலன் குடுத்துச்சான்னு பார்க்கப் பட்டியலோட வீடு தேடிப் போனவங்க, வந்தவங்ககிட்ட பதில் சொன்னவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

செஞ்சிக்கோட்டை

டி.டி.யு.ஜி.கே.ஒய்., அதாவது கிராமத்து ஏழை இளைஞர்களுக்குப் பயிற்சி குடுத்து வேலையில சேர்க்கிற மத்திய அரசுத் திட்டம், அதோட ஃபாலோ-அப் சர்வே. அப்ப இருந்த விதி இதுதான். பயிற்சி முடிச்சவங்கள்ல நூத்துக்கு எழுபது பேரை வேலையில சேர்க்கணும், மூணு மாசம் சம்பளம் வாங்கினதுக்கு அத்தாட்சி காட்டணும். அப்பத்தான் சென்டருக்கு மிச்சத் தவணை வரும்.

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேருக்கு நேரா "பணியில் சேர்ந்தார், ஒரகடம்"னு இருந்துச்சு. போனா வீட்டு வாசல்லயே நிக்குது. உள்ள போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்துச்சு. மூணு சம்பளச் சிலிப், மடிப்புக் கலையாம. "மூணாவது சிலிப் வர்ற வரைக்கும் எப்படியாவது இரு, அப்புறம் உன் இஷ்டம்னு சொன்னாங்கண்ணா. அதான் இருந்தேன்." நைட் ஷிப்ட், ஒரே ரூம்ல பத்துப் பேர், சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் பிடிச்சது போக கைக்கு வந்ததை விரலால தொட்டுக் காட்டுச்சு.

இப்ப என்னம்மா பண்றேன்னு கேட்டேன். பக்கத்து ஊர் இ-சேவை மையத்துல உட்கார்ந்து பட்டா, சாதிச் சான்றுக்கு அப்ளிகேஷன் ஏத்துதாம். டைப்பிங், எக்செல் எல்லாம் அந்தப் பயிற்சியில கத்துக்கிட்டதுதான். சம்பளம் குறைச்சல், ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.

என் ஃபார்ம்ல இதுக்கு இடமே கிடையாது. "சேர்த்துவிட்ட நிறுவனத்தில் தொடர்கிறாரா? இல்லை." அவ்வளவுதான். அழுதுக்கிட்டே தள்ளுன மூணு மாசம் வெற்றிக் கணக்குல ஏறிடுச்சு. கத்துக்கிட்டதை வெச்சு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற வேலை தோல்விக் கணக்குல போச்சு. ஓரத்துல பேனாவால எழுதி வெச்சேன். ஓரத்துல எழுதுறதை யாரும் கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டாங்க.

திண்ணை டீச்சர்

நான் இல்லம் தேடிக் கல்வியில, அதாவது கொரோனாவுல விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச சாயங்கால வகுப்புல, தன்னார்வலரா இருந்தேன். மாசம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், எங்க வீட்டுத் திண்ணை. 2022 வாக்குல டேப்லெட்டோட ரெண்டு பேர் வந்தாங்க, பிள்ளைங்களுக்குத் தேர்வு வைக்கணும்னு. நான் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னாங்க.

நாலாவது படிக்கிற ஒருத்தன். கொரோனா முடிஞ்சு வந்தப்ப 'ழ'வைப் பார்த்தா வாயைத் திறக்க மாட்டான். தினம் பழகி, ஒரு பத்தி தானா படிக்கிற அளவுக்கு வந்திருந்தான். வந்த அக்கா முன்னாடி உட்கார்ந்ததும் ஒரு சத்தம் இல்லை. விரலை முதல் எழுத்து மேல வெச்சான், எடுக்கவே இல்லை. கதவிடுக்குல நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். தெரியும்டா உனக்கு, தெரியும்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

அந்த அக்கா அவசரப்படலை. டேப்லெட்டைக் கீழ வெச்சுட்டு, இவன் பக்கத்துல பாய்ல உட்கார்ந்து, "எனக்கும் இந்த ஊர்ப் பேரு வாயில வரலை, நீ சொல்லு"ன்னாங்க. அதைச் சொன்னான். அப்புறம் விரல் நகர ஆரம்பிச்சுது. கடைசி வரிக்கு வந்துட்டு என்னைத்தான் தேடினான்.

வேற யாராவது வந்திருந்தா அவன் பேருக்கு நேரா சைபர் விழுந்திருக்கும்.

பின்னாடி ஒரு ஆய்வு பத்திப் படிச்சேன். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ மூணு பேரும் தமிழ்நாட்டுல சுமார் 19,000 பிள்ளைங்களைச் சோதிச்சு எழுதினது. பள்ளி திறந்து ஆறு மாசத்துல, விட்டுப்போனதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு, அந்த மீட்சியில ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு. ஆயிரம் ரூபாய்க்கு வந்தவங்கன்னு எங்களைப் பேசினவங்க எல்லாரும் அதைப் படிக்கணும்.

பாலாற்றங்கரை

டீச்சர், உங்க உழைப்பைக் குறைச்சுப் பேசலை. ஆனா அந்த 24-ஐச் சொல்றப்ப கவனமா சொல்லணும். குலுக்கல் போட்டு இந்தத் தெருவுக்கு வகுப்பு, அந்தத் தெருவுக்கு இல்லைன்னு பிரிச்சுப் பார்த்ததில்லை அது. வகுப்புக்கு அனுப்புற அம்மா வீட்டுலயும் நோட்டை எடுடான்னு சொல்ற அம்மாவா இருப்பாங்க. அதனால வந்த மதிப்பெண்ணும் வகுப்புக் கணக்குல சேர்ந்துடலாம்.

அந்த ஆய்வோட பலம் வேற இடத்துல இருக்கு. 2019-லயே, கொரோனாவுக்கு முன்னாடியே, அந்தக் கிராமங்கள்ல தேர்வு வெச்சிருந்தாங்க. பள்ளி திறந்ததும் 2021 டிசம்பர்ல மறுபடி வெச்சாங்க. ஒரே மதிப்பெண்ல நின்ன பிள்ளைகள்ல வகுப்புக்குப் போனவங்க, போகாதவங்கன்னு ஒப்பிட முடிஞ்சது. நம்ம ஊர்த் திட்டங்கள்ல முந்தைய அளவீடு இருக்கிறதே அபூர்வம்.

காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கங்க. 2022 செப்டம்பர் 15-ல 1,545 பள்ளிகள்ல ஆரம்பம். 2023 ஆகஸ்ட் 25-ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் போயாச்சு. பிள்ளைக்குச் சோறு போடறதைத் தள்ளிப்போடச் சொல்ல நான் ஆளில்லை. ஆனா சேர்ந்த பள்ளியையும் சேராத பள்ளியையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க அந்த ஒரு வருஷம்தான் கிடைச்சது. அதுக்கப்புறம் ஒப்பிட அரசு தொடக்கப் பள்ளி இல்லை.

என் சந்திப்பு அங்கதான். ஒரு பள்ளியில வருகைப் பதிவேட்டைப் பார்த்துட்டுச் சமையல்கூடத்துக்குப் போனேன். கதவுக்குப் பின்னாடி சுவர்ல சாக்பீஸ் கோடு, அஞ்சஞ்சா கட்டி. தட்டு ஒவ்வொண்ணும் போகப் போக சமைக்கிற அம்மா ஒரு கோடு இழுப்பாங்களாம், மறுநாளைக்கு ரவை அளக்க. பதிவேட்டைவிட அஞ்சு குறைச்சல். "சார், அவங்க எழுதறது அவங்களுக்கு. எனக்கு மிச்சமானா கொட்டணும், பத்தலைன்னா புள்ள முகத்தைப் பார்க்கணும். நான் எப்படித் தப்பா எண்ணுவேன்?" அந்தச் சுவரைப் போட்டோ எடுத்தேன். அறிக்கையில பதிவேட்டு எண்ணிக்கைதான் போச்சு, என் கையில இல்லை அது.

ஏரிக்கரை மண்

நூறு நாள் வேலை சமூகத் தணிக்கை. அப்ப இருந்த நூறு நாள் வேலைச் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி கிராம சபைதான் தணிக்கை நடத்தணும், யாருக்கு எத்தனை நாள் கூலி போச்சுன்னு எல்லார் முன்னாடியும் வாசிப்போம். வாசிச்சேன். ஒரு பாட்டி எழுந்து, "என் பேரை இன்னொரு வாட்டி படி சாமி"ன்னாங்க. படிச்சேன். அவங்க வேலை செஞ்சதா பதிவான அந்த வாரம் முழுக்க பெரியாஸ்பத்திரியில மருமக பிரசவத்துக்கு இருந்தாங்களாம். பணித்தளப் பொறுப்பாளர் அவங்க அக்கா மகன். கூட்டத்துல ஒரு மூச்சு இல்லை. பாட்டி அவனைப் பார்த்து, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. வசூல் ஆர்டர் போட்டாச்சு, பணம் திரும்பியும் வந்துச்சு. அந்தக் குரல்தான் போக மாட்டேங்குது.

வாசல் வரை

எல்லாரும் பள்ளிக்கூடம், வேலைன்னு பேசுறீங்க. நான் சிறையிலிருந்து விடுதலையானவங்களைப் பார்க்கப் போறவ.

சிறைத்துறை நடத்துற பெட்ரோல் பங்க்ல வேலை பார்த்தவர் ஒருத்தர். நன்னடத்தைக்காகத் தேர்ந்தெடுத்து அனுப்புவாங்க. ஆயுள் தண்டனை முடிச்சு ஊருக்கு வந்துட்டாரு. சொந்தக்காரங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ஷெட். நான் போன நேரம் சைக்கிள் டியூபைத் தண்ணியில அமுக்கிக் குமிழ் வர்ற இடத்தைத் தேடிக்கிட்டிருந்தார். தலை நிமிராமலே பேசினாரு.

"உள்ள இருக்கிறப்ப நாள் முழுக்கப் பணம் வாங்கி, மீதி குடுத்து, ராத்திரி ஒரு ரூபா பிசகாம கணக்கு ஒப்படைச்சேன்மா. கைதியா இருந்தப்ப என்னை நம்பினாங்க. இப்ப நம்ம ஊர் பங்க்ல டயருக்குக் காத்துப் பிடிக்கிற வேலைகூட இல்லைங்கிறாங்க. முதலாளி நல்லவர்தான். போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தா பிரச்சினைங்கிறார்."

என் தாள்ல கேள்வி: விடுதலைக்குப் பின் புதிய வழக்கு உண்டா? இல்லை. அது போதும், அவர் "மறுவாழ்வு பெற்றவர்". தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுற சிறைப் புள்ளிவிவரத்துல தையல், தச்சு, நெசவுன்னு எத்தனை பேருக்குக் கத்துக்குடுத்தாங்கங்கிற கணக்கு இருக்கு. கத்துக்கிட்டவர் வெளியே வந்து அந்தத் தையலைத் தைக்கிறாரா? அதை நான் ஷெட் ஷெட்டா போய்த்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.

பழைய சூப்பர்வைசர்

எல்லாத்தையும் படிச்சேன். என் கதை சின்னது: ஒரு தையல் பயிற்சி சர்வேயில சென்டர் ஆளே என்னோட பைக்ல பின்னாடி உட்கார்ந்து வந்தார். அன்னைக்குப் பார்த்த அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாங்க, "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது." கிராமத்துல யாருங்க இப்படிப் பேசுவாங்க?

புதுசா களத்துக்கு வர்றவங்க தயவுசெய்து கேளுங்க. திட்டத்துல சம்பளம் வாங்குற ஆளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. வழி தெரியலைன்னா டீக்கடையில கேளுங்க. பயிற்சி ஆரம்பிக்கிற அன்னைக்கே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொந்த நம்பரோட அம்மா நம்பர், ஒரு தோழி நம்பர் வாங்கி வைக்கணும். நம்பரை மாத்தினாலும் அம்மா நம்பர் மாறாது. ஆளைப் பிடிக்க முடியலைன்னா அந்தப் பேரை அடிச்சுட்டு மிச்சம் இருக்கிறவங்களை வெச்சு சதவீதம் போடாதீங்க. கிடைக்காம போனவங்கதான் பெரும்பாலும் வேலையை விட்டவங்க. அவங்களை விட்டுட்டா எந்தத் திட்டமும் பிரமாதமாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூப்பிடுங்க, ஷிப்ட்ல இருக்கிறவங்களும் எடுப்பாங்க. "விட்டுட்டியா"ன்னு கேட்காதீங்க, "இப்ப என்ன பண்றே"ன்னு கேளுங்க. செஞ்சிக்கோட்டை, நீங்க செஞ்சது அதுதான்.

இன்னொண்ணு. பீகார், ஜார்க்கண்டுல இதே டி.டி.யு.ஜி.கே.ஒய்.-ல ஒரு சோதனை நடந்துச்சு. குலுக்கல்ல தேர்ந்தெடுத்த சில குழுக்களுக்குப் பயிற்சியின்போதே எந்த ஊர், என்ன சம்பளம், தங்கற இடம் எப்படின்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டாங்க. அப்படிக் கேட்டுக்கிட்டுப் போனவங்கள்ல அதிகம் பேர் வேலையில நிலைச்சாங்க. ஒரகடத்துல ரூம் எப்படி இருக்கும்னு முன்னாடியே காட்டியிருந்தா அந்தப் பொண்ணு அந்த மூணு மாசத்தை இப்படிக் கழிச்சிருக்காது. வாசல் வரை, உங்களுக்கும் இதேதான்: விடுதலைக்கு முன்னாடியே ரெண்டு மூணு நம்பர் வாங்கி வெச்சுக்கங்க, தேடி அலைய வேண்டாம்.

வாசல் வரை

ஐயா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆயுள் தண்டனை முடிச்சு வர்றவர்கிட்ட எந்த நம்பரை வாங்கறது? உள்ள போறப்ப இருந்த சிம் எப்பவோ வேற யாருக்கோ போயிருக்கும். ரேஷன் கார்டுல பேரை எடுத்திருப்பாங்க. அம்மா செத்திருப்பாங்க. பாதிப் பேருக்குத் தங்கச்சி வீட்டு அட்ரஸ்தான், அதுவும் தங்கச்சி வீட்டுக்காரர் "இங்க அப்படி யாரும் இல்லை"ன்னுதான் முதல்ல சொல்லுவாரு. நான் நன்னடத்தை அலுவலர்கிட்ட கேட்டு, பழைய வக்கீல் குமாஸ்தாகிட்ட கேட்டு, அப்படித்தான் போய்ச் சேர்றேன். அலையாம இந்த வேலை நடக்காது.

அந்த பங்க் முதலாளியை நானே போய்ப் பார்த்தேன். சிறை அலுவலர் எழுத்துல ஒரு நடத்தைச் சான்று குடுத்தா யோசிக்கிறேன்னார். அதுக்கு மனு எழுதிக் குடுத்திருக்கோம். அதுவரைக்கும், ஆரணி, போளூர் பக்கம் பங்க் வெச்சிருக்கிறவங்களோ மெக்கானிக் ஷாப் வெச்சிருக்கிறவங்களோ இதைப் படிச்சா எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க. கேஷ் பார்ப்பாரு, மீட்டர் ரீடிங் எழுதுவாரு, பஞ்சர் ஒட்டுவாரு. ராத்திரி ஷிப்டும் சம்மதம்.