கேஜன் இசை முகாம்: பிடில் வகுப்பில் எந்த நிலையில் சேருவது?

நாலுதந்தி: அமெரிக்காவின் லூசியானாவில் நடக்கும் ஒரு வாரக் கேஜன் முகாமுக்குப் பதிவு செய்கிறேன் (கேஜன் என்பது அங்குள்ள பிரெஞ்சு வழி மக்களின் நாட்டுப்புற ஆட்ட இசை). படிவத்தில் தொடக்கம், இடைநிலை, மேல்நிலை என்று மூன்று இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து மேற்கத்திய வயலின், எல்லாம் நோட்ஸ் பார்த்துத்தான். கேஜனில் காதால் கேட்டுப் பிடித்தது இரண்டு வால்ட்ஸ் (மூன்று தட்டு ஆட்ட மெட்டு) மட்டும். எதில் சேரலாம்?

பத்துப்பொத்தான்: தொடக்கத்தில் சேருங்கள், யோசிக்கவே வேண்டாம். அங்கே யாரும் நோட்ஸ் தரமாட்டார்கள். ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நீங்கள் கஷ்டப்பட்டுக் கற்ற வைப்ரேட்டோவுக்கும் (விரலை அசைத்துச் சுரத்தை அதிரவிடுவது) கையை மேலே நகர்த்தி வாசிக்கும் மேல் பொசிஷன்களுக்கும் இதில் பெரிதாக வேலை இல்லை. பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்படி வில்லைச் சாய்த்துப் பிடித்து, ஆடுகிறவர்களின் காலுக்குத் தாளம் கொடுப்பதுதான் வேலை. போதாததற்கு அக்கார்டியன் பெரும்பாலும் 'சி'யில் இருப்பதால் பிடில்காரர்கள் பலர் நாலு தந்தியையும் ஒரு முழு சுரம் இறக்கிவிடுவார்கள். 'டி'க்கு வைக்கும் விரலில் 'சி' கேட்கும். நோட்ஸ் பார்த்தே பழகிய காது அங்கே தடுமாறும்.

வில்லும்சொல்லும்: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொடக்க வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் வயலினைக் கையில் எடுத்தே இராதவர்கள். வில்லை எப்படிப் பிடிப்பது, விரல் எங்கே விழவேண்டும் என்பதிலேயே முதல் நாட்கள் போய்விடும், அதில் இவர் உட்கார்ந்து என்ன செய்வார்? தந்தி இறக்குவதெல்லாம் ஒரு மதியத்தில் பழகிவிடும். விரல் மாறக்கூடாது என்றுதானே இறக்குகிறார்கள்! வகுப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், கீழே இருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். 'சில பாட்டுகள் வாசிக்கத் தெரியும், மெதுவாகச் சொல்லிக்கொடுத்தால் காதால் பிடிப்பேன்' என்ற மாதிரி இருந்தால் இடைநிலைதான் இவருக்கு.

பத்துப்பொத்தான்: கையை மட்டும் பார்த்துச் சொல்கிறீர்கள். பழைய கேஜன் பிடில்காரர்கள் டென்னிஸ் மெக்கீயும் சேடி கோர்வில்லும் 1929-இல் பதிந்த இரட்டைப் பிடிலைக் கேளுங்கள், ஒருவர் மெட்டு, இன்னொருவர் கீழே துணை. அந்தப் பழைய பாட்டுகள் சிலவற்றில் தாளம் எண்ணிக்கைக்குள் அடங்காது, ஓர் அடி கூடும், ஓர் அடி குறையும். மெட்டு அடுத்து எங்கே திரும்பும் என்று உடம்புக்குத் தெரியாமல் துணை வாசிக்கவே முடியாது. அது தெரியாமல் ஒருவர் பின்தங்கினால் முழு வகுப்பும் அவருக்காக நிற்க வேண்டும், அது மற்றவர்களுக்கு நியாயமா?

வில்லும்சொல்லும்: அந்தத் துணையைத்தான் இவர் போய்க் கற்க வேண்டும் என்கிறேன். பெரும்பாலான பாட்டில் இரண்டு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தான், இரட்டைத் தந்தி சுத்தமாக வரும் கை இவருக்கு இருக்கிறது. துணை வாசிப்பது கௌரவக் குறைவும் இல்லை. டூயி பால்ஃபா அவ்வளவு பெரிய பிடில்காரர், 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைக்குத் துணையாகக் கிடார் வாசிக்கத்தான் போனார்.

துருத்தி: இடையில் ஒன்று. அக்கார்டியன் வகுப்பு என்றால், தொடக்கம் என்று சொல்லும் பத்துப்பொத்தான் பக்கம்தான் நான். பியானோ அக்கார்டியன் எத்தனை வருஷம் வாசித்திருந்தாலும் சரி, கேஜன் பெட்டியில் ஒரே வரிசையில் பத்துப் பொத்தான், அதே பொத்தானைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம், அதனால் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். பிடிலுக்கு அப்படி இல்லை. நாலுதந்தி, அக்கார்டியன்காரர் ஜோ ஃபால்கன் 1928-இல் பதிந்த 'அல்லோன் ஆ லாஃபயெத்' கேளுங்கள், கேஜனில் வந்த முதல் இசைத்தட்டு அது. அதில் பிடிலே கிடையாது, அக்கார்டியனும் கிடாரும் குரலும்தான், அதனால் காப்பியடிக்க வழியில்லை. நோட்ஸ் தேடாமல் அரை மணி நேரத்தில் மெட்டின் எலும்புக்கூடு கையில் வந்தால் இடைநிலை.

பத்துப்பொத்தான்: சோதனை நல்ல சோதனை. ஆனால் கூடவே இன்னொன்று வேண்டும்: தப்பு விழுந்தாலும் வில் நிற்கக்கூடாது. சாயங்காலம் எல்லோரும் கூடி வாசிக்கும் ஜாமில் உங்களுக்காக யாரும் பாட்டை நிறுத்த மாட்டார்கள், நோட்ஸ் பார்த்துப் பழகியவர்கள் தப்பு விழுந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நாலுதந்தி: முயன்று பார்த்தேன். மெட்டு வந்துவிட்டது, வில்தான் இரண்டு இடத்தில் நின்றது. இடைநிலை என்று போடுகிறேன். முதல் நாளுக்குப் பிறகு வகுப்பு மாற விடுவார்களா என்று முகாமுக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன்.

பத்துப்பொத்தான்: கேளுங்கள். நான் இன்னும் தொடக்கம் என்றுதான் சொல்வேன்.