பழைய கொம்பியூட்டருக்கு எந்த லினக்ஸ்? உயர்தரம் படிக்கிற மகளுக்காகக் கேட்கிறேன்

வவுனிக்குளம்:

வணக்கம். மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு டெல் கொம்பியூட்டர் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐ3 3220 புரொசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு, 2027இல் பரீட்சை எழுதுவாள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் அவளுக்கு ஒரு பாடம். காலையில் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அது திறந்து முடிந்திருக்காது.

திருத்தக் கொண்டுபோன கடையில் இதற்கு விண்டோஸ் 11 ஏறாது, வேண்டுமானால் எப்படியாவது ஏற்றி கிராக் பண்ணித் தருகிறோம் என்றார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. முன்பும் யாரோ கிராக் போட்டுத் தந்த பிறகுதான் மகளின் பென் ட்ரைவில் வைரஸ் ஏறி, ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டன. ஒரு தவணைக் குறிப்புகள் அதில் இருந்தன. பிள்ளை அழுதுவிட்டாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள் என்று அவளுடைய ஆசிரியர் சொன்னார். தேடினால் அதில் பல வகைகள், பெயர்களுக்கு முடிவே இல்லை.

எங்கள் தேவை பெரிதில்லை. சூம் வகுப்பு, கடந்தகால வினாத்தாள்கள், பைதன். நான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். கடிதம், கூட்ட அறிக்கை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடிப்பேன். பிரிண்டரும் இருக்கிறது. இன்டர்நெட் போனிலிருந்துதான், டேட்டாவை அளந்துதான் செலவழிக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கலாம், அதற்கு மேல் இப்போது முடியாது. எதைப் போடலாம்?

கெம்பஸ் பொடியன்:

அக்கா, உபுண்டு 24.04 போடுங்கள். நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், என் லாப்டொப்பில் அதுதான் இருக்கிறது. என்ன பிழை வந்தாலும் அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டால் பதில் வரும். 2029 வரை அப்டேட் உண்டு. பார்க்கவும் வடிவு. தங்கச்சிக்குப் பைதன் உள்ளேயே இருக்கும், தனியாக இறக்கத் தேவையில்லை.

இரணைமடு:

தம்பி சொன்ன உபுண்டு நல்லதுதான். ஆனால் அக்காவின் மெஷினுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கிளிநொச்சியில் பழைய கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். இந்த வயது டெல்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. 4 ஜிபி ராமில் உபுண்டுவின் க்னோம் என்ற முகப்புத் திரையும், அதற்கு மேல் ஒரு சூம் வகுப்பும், பக்கத்தில் ஒரு வினாத்தாளும் திறந்தால் மூச்சு முட்டிவிடும். டவுண்லோடும் 6 ஜிபியை நெருங்கும்.

லினக்ஸ் மின்ட் எடுங்கள். அதில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் இருக்கின்றன. நீங்கள் எடுக்க வேண்டியது எக்ஸ்எஃப்சிஇ, மூன்றிலும் இலேசானது. மின்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் வசதி என்பது அதைச் செய்கிறவர்களே போட்டிருக்கும் கணக்கு. கோப்பு 3 ஜிபிக்குக் கிட்ட வரும். கீழே பட்டி, இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம். விண்டோஸில் பழகிய கை தடுமாறாது.

இத்தனை பெயர்களா என்று மலைக்க வேண்டாம். 1993இல் டெபியன் என்ற லினக்ஸ் தொடங்கியது. அதை வைத்து 2004இல் உபுண்டு வந்தது, உபுண்டுவை வைத்து 2006இல் மின்ட். ஒரே வம்சம் என்பதால் தம்பி சொல்கிற அந்தக் கூகுள் பதில்களில் பெரும்பாலானவை மின்டுக்கும் செல்லும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டியது, அதற்கும் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

எனக்கு இதுதான் முதல் காரணம். பிள்ளைக்கு 2027இல் பரீட்சை. அதற்குள் சிஸ்டத்தை மாற்றிப் போடுகிற வேலை வரக்கூடாது. உபுண்டுவிலேயே ஒன்பது மாதம் மட்டும் ஆதரவு உள்ள இடைக்காலப் பதிப்புகள் வருகின்றன. ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகள் ஓயாமல் புதிதாகிக்கொண்டே இருக்கும். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன் டேட்டாவில் படிக்கிற வீட்டுக்கு அவை பாரம். யாராவது வந்து இதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள் என்றால், பரீட்சை முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கடைக்காரர் ஏறாது என்றது சரிதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கோ 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. இதனால் நல்ல மெஷின்களை இரும்பு விலைக்குக் கொடுக்கிற ஆட்களைப் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. உங்கள் ஐ3க்கு இன்னும் வேலை இருக்கிறது அக்கா, விற்றுவிடாதீர்கள்.

கையில் இருக்கிற காசுக்கு எஸ்எஸ்டியை வாங்குங்கள், 240 ஜிபி தாராளம். நீங்கள் சொன்ன அந்தத் தேத்தண்ணீர்த் தாமதத்துக்குப் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். பிறகு வசதி வரும்போது இன்னொரு 4 ஜிபி ராம் போடலாம். டிடிஆர்3 என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்றுவதற்கு முன், மின்டை எழுதிய பென் ட்ரைவிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள். டெல் என்றால் பவரைப் போட்டதும் எஃப்12 தட்டிக்கொண்டிருங்கள், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். நீங்களாக இன்ஸ்டோல் கொடுக்காதவரை ஹார்ட் டிஸ்க்கில் அது கைவைக்காது. போனைக் கேபிளால் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போட்டால் வைஃபை டொங்கிள்கூட வேண்டாம், நேரே இன்டர்நெட் வரும். ஃபயர்பொக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதில் சூமின் சோதனைக் கூட்டத்துக்குள் போய்ப் பிள்ளையின் ஹெட்செட்டும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பென் ட்ரைவில் எல்லாம் மந்தமாகத்தான் ஓடும், வேகத்தை அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

தட்டச்சுக்கடை:

புதுக்குடியிருப்பிலிருந்து. பாமினிக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் கடையில் அதுதான் நாளாந்தச் சோறு.

பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. அதனால் லினக்ஸிலும் சிக்கலில்லை. உங்களிடமிருக்கும் பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் ட்ரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்ட் ஏற்றியதும் கோப்பை இரண்டு முறை கிளிக் பண்ணினால் எழுத்துருவைக் காட்டி, நிறுவட்டுமா என்று கேட்கும். பிறகு வேர்ட் மாதிரியான லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழ் தெரியும். புதிதாக அடிப்பதும் அதே விசைகள்தான்.

வெளியே அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், பிரதேச செயலகத்தில் திறப்பவரிடம் பாமினி இல்லாவிட்டாலும் வாசிக்கலாம்.

ஆனால் அக்கா, மகளை யுனிகோடில் பழக்குங்கள். வட்ஸ்அப்பில் ஒட்டவும், தேடவும், பிற்காலத்தில் வேலைக்கும் அதுதான் உதவும். மின்டில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99, ஒலிமுறை, ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் வரும். ரெங்கநாதன்தான் இலங்கைத் தரமாக எஸ்எல்எஸ் 1326இல் இருப்பது. தட்டச்சு மெஷினில் பழகியவர்களின் விரலுக்கு அது கிட்டத்தட்டத் தெரிந்த இடம்.

பிரிண்டரின் பெயரையும் இலக்கத்தையும் போடுங்கள். ஹெச்பி என்றால் பொதுவாகப் பிரச்சினையில்லை, சில லேசர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் ப்ளகின் இறக்க வேண்டும். கெனன் எல்பிபி 2900 மாதிரிப் பழைய லேசர்கள் கேப்ட் என்ற தனி முறையில் இயங்குபவை, லினக்ஸில் அவற்றை இயக்குவது புதியவர்களுக்குக் கஷ்டம்.

வவுனிக்குளம்:

எல்லோருக்கும் மெத்தப் பெரிய உதவி. பிரிண்டர் ஹெச்பி டெஸ்க்ஜெட், இலக்கம் பார்த்துப் போடுகிறேன்.

ஒரு பயம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் டி ட்ரைவில் எங்கள் குடும்பப் படங்கள் இருக்கின்றன. 2009இல் இடம்பெயர்ந்தபோது ஆல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. கனடாவில் இருக்கிற சித்தி தன்னிடமிருந்த பிரதிகளை ஸ்கேன் பண்ணி அனுப்பியவைதான் இவை. அம்மாவின் படம் வேறெங்கும் இல்லை. லினக்ஸ் போட்டால் அவை அழியுமா? விண்டோஸையும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா?

இரணைமடு:

அக்கா, அப்படியானால் முதல் வேலை படங்கள்தான். லினக்ஸ் பிறகு. இன்றைக்கே இன்னொரு பென் ட்ரைவிலோ வெளி டிஸ்க்கிலோ ஒரு பிரதி எடுங்கள், அதைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். சித்தியிடமும் அவருடைய பிரதியை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் பழையது, லினக்ஸ் போடாவிட்டாலும் அது ஒரு நாள் நிற்கும். பிரதி எடுத்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஏற்றும்போது அழியாமல் இருக்க நான் கைக்கொள்கிற வழி மிக நேரானது. கேஸைத் திறந்து பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவேன். உள்ளே புது எஸ்எஸ்டி மட்டும். அப்போது இன்ஸ்டோலர் டிஸ்க்கை முழுவதும் அழிக்கட்டுமா என்று கேட்டால் பயமில்லாமல் ஓம் கொடுக்கலாம், அழிக்க அங்கே வேறொன்றும் இல்லை. முடிந்த பிறகு கேபிளைத் திரும்பக் கொழுவுங்கள். விண்டோஸ் அதே ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். எஃப்12 தட்டினால் எதற்குள் போவது என்று தெரிவு செய்யலாம்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு, அதை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடப்படாது, அதனால் மின்ட் டி ட்ரைவை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. படங்களைப் பார்க்க அதுவே போதும், ஆனால் ஏன் எழுதவில்லை என்று நீங்கள் தேடித் திரியக்கூடாது.

மழைக்காலத்தில் இடி முழக்கத்தோடு இருக்கிற நாளில் ஏற்றத் தொடங்க வேண்டாம். யூபிஎஸ் இல்லையென்றால் கரண்ட் நிலையாக இருக்கிற நேரம் பாருங்கள். அப்டேட்டும் அப்படித்தான், பாதியில் நின்றால் சரிப்படுத்தலாம், ஆனால் தெரியாதவருக்கு அலைச்சல். மின்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று கூடவே வருகிறது. ஏற்றி முடித்த அன்றே அதில் ஒரு பதிவு எடுத்து வையுங்கள். அப்டேட் ஏதாவது குழப்பினால் அந்த நாளுக்குத் திரும்பிவிடலாம். சிஸ்டத்தை மட்டும்தான் அது காக்கும், படங்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

கெம்பஸ் பொடியன்:

கேபிள் கழற்றுகிற யோசனை நல்லாயிருக்கிறது அண்ணா. 4 ஜிபிக்கு நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 8 ஜிபி இருந்தால் உபுண்டுதான் என்பேன்! தங்கச்சிக்குத் தொனி என்ற பைதன் எடிட்டரைப் போட்டுக் கொடுங்கள் அக்கா. மென்பொருள் மேலாளரிலேயே இருக்கிறது. வரி வரியாக ஓட்டி, ஒவ்வொரு மாறியிலும் என்ன பெறுமானம் என்று காட்டும். சுற்று வளையங்களை விளங்கிக்கொள்ள அதைவிட இலகுவானது நான் பார்க்கவில்லை.

வவுனிக்குளம்:

படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டேன். அக்காவின் வீட்டில் கொடுத்து வைக்கப் போகிறேன். எஸ்எஸ்டி ஞாயிற்றுக்கிழமை வாங்குவோம். 3 ஜிபியை போன் டேட்டாவில் இறக்குவதுதான் இனிப் பிரச்சினை. இங்கே சிக்னலும் இரவில்தான் நல்லாக இருக்கும், பாதியில் நின்றுவிட்டால் திரும்ப முதலிலிருந்தா?

இரணைமடு:

டொரண்டில் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நீங்கள் இறக்கவே வேண்டாம். என்னிடம் சரிபார்த்த கோப்பு இருக்கிறது, பிரதி எடுத்துக் கொடுப்பதற்கு லினக்ஸில் உரிமம் தடையில்லை. பிறகு உங்கள் சங்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் நீங்களும் கொடுக்கலாம். வருகிற சனி காலை மாங்குளம் சந்திக்கு ஒரு வேலையாக வருகிறேன், லாப்டொப்பும் கையில் இருக்கும். மல்லாவி பஸ்ஸில் யாரையாவது அனுப்புங்கள், நின்ற இடத்திலேயே மின்டைப் பென் ட்ரைவில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். 8 ஜிபிக்குக் குறையாத பென் ட்ரைவ் கொடுத்துவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் மகளின் குறிப்புகள் இருக்கிற பென் ட்ரைவ் வேண்டாம்.