கந்தபுராணப் படிப்பு: ஆறு நாளுக்கு எங்கை எங்கை முறிக்கிறது?

வணக்கம். கந்தசஷ்டிக்கு எங்கடை ஊர்க் கோயிலிலை புராணப்படிப்பு. 10,345 பாட்டையும் ஆறு நாளிலை படிச்சுப் பயன் (பாட்டின்ரை பொருள்) சொல்லேலாது; யுத்த காண்டம் மட்டும் எடுக்க யோசனை. சூரன்போரன்று சூரபன்மன் வதைப் படலம், மறுநாள் தேவ காண்டத்துத் தெய்வயானை திருமணம் கட்டாயம் வரவேணும். மற்ற ஐந்து நாளும் எந்தப் படலத்தோடை நிப்பாட்டுறது? சூரன்ரை தம்பி தாரகன் வதை உற்பத்தி காண்டத்திலேயே முடியுது; முதல்நாள் அதையும் சேர்க்கலாமோ?

படிக்கிறவை இளம்பிள்ளையள், ‘திகடசக்கர’ என்று தொடங்கிற காப்புச் செய்யுளிலேயே தடக்குப்படுகினம். ‘திகட, சக்கர’ என்று முறிச்சால் சில்லு என்ற பொருளாய்ப் போகும். அது திகழ் + தசக்கரம்: விளங்குகிற பத்துக் கை, ஐந்து செம்முகம், சிவபெருமான். பதம் பிரிச்ச உரைப்பதிப்பு வைச்சிருக்கிற ஐயாமார், யுத்த காண்டத்தைப் படமெடுத்து அனுப்புவியளோ?