தாத்தாவின் ஹெச்எம்டி ஜனதா: நல்ல மெக்கானிக் தேவை

வணக்கம். தாத்தா கட்டியிருந்த ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. சாவி கொடுக்கிற ரகம். வெள்ளை டயல், அதில் பேர் இந்தி எழுத்தில். கீழே ‘17 ஜுவல்ஸ்’ (உள்ளே தேய்மானம் குறைக்கிற கற்கள்), ‘பாராஷாக்’ (அதிர்வு தாங்கும் அமைப்பு) என்று இருக்கிறது. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை என்பது வரை தெரியும். இது எந்த வருடத்து வாட்ச்? பின்மூடி உள்ளே இருக்கும் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பிரச்சினை இதுதான். சாவி முழுசாக ஏறுகிறது, ஆனால் ஓடவில்லை. லேசாகக் குலுக்கினால் பத்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது. எண்ணெய் காய்ந்திருக்கும் என்பது என் ஊகம். பதினைந்து வருடம் பீரோவில் கிடந்த வாட்ச்.

பக்கத்துக் கடைக்காரர், “மிஷினைத் தூக்கிட்டு பேட்டரி மிஷின் போட்டுடலாம் சார்” என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மதுரைப் பக்கம் முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுகிற பழைய கை யாராவது இருக்கிறாரா? எவ்வளவு ஆகும்? அப்புறம், டயலுக்குப் புது பெயின்ட் அடிக்காதவராக இருக்க வேண்டும். 6-க்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.